அனுப்பாமல் வைத்தவை

ஒரு வாரம் அழுதுவிட்டு அப்புறம் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவான் என்று நான் எழுதியதுண்டு, சொன்னதில்லை, எழுதியதை அனுப்பியதும் இல்லை, தூக்கத்தில் உளறியிருந்தால்கூட என் அறைத்தோழி ரஹிமா மறுநாள் பல் விளக்கும்போதே அதை வைத்து என்னை ஓட்டித் தள்ளியிருப்பாள், அப்படியிருக்க தியேட்டர் டிக்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வளனுக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து கிடைத்தது? "நீ ஹைதராபாத் போயிட்டா நான் ஒரு வாரம் அழுதுட்டு அப்புறம் கிரிக்கெட் பாக்கப் போயிருவேன்னுதான நெனைக்க, வல்லி?" என்றான், என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். அதுதான் இப்போது பொறுக்கவில்லை, நானும் சிரித்தேன். தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வளன் கிரிக்கெட்டைக் கிரிக்கெட் என்று சொன்னதில்லை, மேட்ச் என்பான், மேட்ச் இருக்கு, மேட்ச் போச்சு, மேட்ச் முடியட்டும் பேசுதேன். கிரிக்கெட் என்பது என் சொல். என் சொல் அவன் வாயில், என் செருப்பை வேறு யாரோ போட்டுக்கொண்டு நடப்பதுபோல. மெயிலில் டிராஃப்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டதெல்லாம் கிடக்கும் இடம், அதற்குள்தான் நான் யோசிப்பேன், சிலருக்குக் குளியலறை, எனக்கு அது. பெறுநர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அம்மாவோடு சண்டை போடுவேன், ஹெச்.ஓ.டி.யை நாலு கேள்வி கேட்பேன், வளனைப் பற்றி எழுதுவேன், வளனுக்கு எழுதுவேன், மூடிவிடுவேன். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதற்காகவே எழுதுவது. ஹாலில் விளக்கு அணைந்தபோது எனக்கு அதுதான் மண்டைக்குள் ஓடியது, வெள்ளிக்கிழமை, முதல் நாள் மதியக் காட்சி, பால்கனி முழுக்க விசில், ஏசி காற்று நேராகப் பிடரியில் விழுகிறது, அந்தக் குளிர் ஏசியுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

படத்தில் நாயகன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நாயகி திரை உடைந்த போனைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், சாயங்காலம் வாங்கிக்கிறேன் அண்ணா என்கிறாள், அந்த அண்ணாவுக்கு ஹாலே சிரிக்கிறது. அவன் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அவளுடைய மெயில், படம், பாட்டு, யாருக்கு என்ன எழுதினாள் என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறான், அதற்கு வயலின். வயலின்! ஒரு திருட்டுக்கு வயலின் வாசித்தால் அது பாட்டுக் காட்சியாகிவிடுகிறது. அடுத்த காட்சியில் அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில் சட்டை, அவளுக்குப் பிடித்த இஞ்சி மிட்டாய், அவள் போக ஆசைப்பட்ட மலைக்கு அவளுக்கு முன்னாலேயே போய் நிற்கிறான், அவள் கண்ணை விரிக்கிறாள், எப்படி உனக்கு மட்டும் என்னைப் பற்றி எல்லாம் தெரியுது? மனசுக்குத் தெரியும் என்கிறான். ஹால் கிழிகிறது. என் பக்கத்தில் வளன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறான். நான் பார்த்த காதல் படங்களில் பாதி இப்படித்தான், அவளுக்குத் தெரியாமல் அவளைத் தெரிந்துகொள்வது, பஸ் பின்னால் போவது, தோழியை மடக்குவது, டைரியைப் படிப்பது, பிறகு கடைசி ரீலில் அவளே ஓடிவந்து நன்றி சொல்வது. நானும் கோவில்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதற்குக் கை தட்டியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை, எனக்கும் ஒருத்தன் என் மனசைப் படிக்கணும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். ஆசைப்பட்டபடியே ஒருத்தன் படித்துவிட்டான், இப்போது ஏன் கசக்கிறது? கேள் வல்லி, உன்னையே கேள், மற்றவர்களை மட்டும் கேட்காதே. கசப்பது ஏனென்றால் மனசைப் படிப்பதற்கு அவள் முகம் வேண்டும், அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடியவேண்டும். மெயிலைப் படிக்க அவள் வேண்டியதே இல்லை.

பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை, கல்லூரியில் எங்கள் துறையில் அது ஒரு சடங்கு, ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்றால் மோதிரம் மாற்றுவதுபோல பாஸ்வேர்டு மாற்றிக்கொள்வது. கேன்டீன் பக்கம் நடந்து போனால் சீனியர்கள் கேட்பார்கள், "என்ன வல்லி, மாத்தியாச்சா, இன்னும் பேச்சுவார்த்தைதானா?" மாற்றவில்லை என்றால் பொழுதுபோக்குக்குப் பழகுகிறார்கள் என்று அர்த்தம். நான் மூன்று மாதம் வாதாடினேன். தனியுரிமையைப் பற்றி செமினார் கொடுத்தவள் நான், உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்று சொன்னதை மேடையில் நின்று சொன்னவள், குடும்பத்துக்குள்ள என்னம்மா தனியுரிமை என்று ஒரு பேராசிரியர் கேட்டபோது கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு சார் என்று திருப்பிக் கேட்டுக் கைதட்டு வாங்கியவள். வளன் சொன்னது ஒன்றே ஒன்றுதான், மறைக்க ஒண்ணும் இல்லன்னா குடுக்க என்ன. அதற்கு நான் ஒன்பது பதில் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவன் தலையை ஆட்டினான், கடைசியில் "சரிட்டி, நீதான் ஜெயிச்ச, விடு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனான். ஜெயித்த மிதப்பு இருக்கிறதே, அதைப்போல ஏமாளியாக்குவது வேறொன்றுமில்லை. தோற்றிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஜெயித்ததால், ஐயோ பாவம் என்று, ராணி தானம் கொடுப்பதுபோல, அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். அவனும் அவனுடையதை என் கையில் எழுதினான். என் பெயரும் அவன் பிறந்த வருஷமும். நான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. போகவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, சாவி கையில் இருப்பதுதான் மரியாதை, கதவைத் திறப்பது அல்ல என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைப்பான் என்று நினைத்தேன், எதிராளி என்ன நினைப்பான் என்று யோசிக்காமல் வாதத்துக்குப் போவேனா நான், காதலுக்கு மட்டும் போயிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தால் மெலிந்துவிடும், கொஞ்ச நாளாகவே நான் திறப்பதற்கு முன்பே சில மெயில்கள் மெலிந்து கிடந்தன, பூட்டிய அறைக்குள் நாற்காலி மட்டும் இடம் மாறியிருப்பதுபோல. எனக்குத்தான் மறதி என்று நினைத்தேன். தூக்கக் கலக்கத்தில் திறந்திருப்பேன், நெட் கோளாறு, போன் பழசு. ரஹிமாவிடம் சொன்னபோது "பேய் மெயில் படிக்குதுட்டி, அதுக்கும் வேலை வெட்டி வேணாமா" என்றாள், இரண்டு பேரும் சிரித்தோம், அன்றைக்குக் கொஞ்ச நேரம் நிஜமாகவே எனக்கு முதுகுப் பக்கம் ஆள் நிற்பதுபோல இருந்தது, திரும்பிப் பார்த்தால் கொடியில் காயும் அவளுடைய சுடிதார். ஹைதராபாதில் பெண்கள் விடுதி வாடகை என்ன என்று ஒரே ஒரு தடவை தேடினேன், அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சூட்கேஸ் விளம்பரம், சக்கரம் வைத்தது, வைக்காதது, சமையல் குறிப்பு பார்த்தால் சூட்கேஸ், கொலைச் செய்தி படித்தால் நடுவில் சூட்கேஸ், கம்பெனிக்காரன் பார்க்கிறான் என்று நான் எகிறிக் குதித்தேன், வளன் தோளைக் குலுக்கினான், "பாத்துட்டுப் போறான், உனக்கென்ன". கம்பெனிக்காரன் பார்த்தால் பெட்டி விற்க வருவான், அதோடு சரி, ஒரு வாரம் அழுவேன்னு நெனைக்கியா என்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்கமாட்டான். இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்ச நாளாக என் டிராஃப்ட்டுகளே மாறியிருந்தன. திட்ட வேண்டிய இடத்தில் சமாதானம் எழுதியிருந்தேன், வளன் பாவம் என்று எழுதியிருந்தேன், யாரோ கேட்டுக்கொண்டிருக்கும்போது போனில் பேசுவோமே அந்தக் குரல். எனக்குத் தெரிவதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்துவிட்டதா? அப்படியானால் இப்போது நான் யோசிப்பது யாருக்காக? இந்த வரிகூட, இதோ தலைக்குள் ஓடும் இதுகூட, கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டுதானே ஓடுகிறது, படிக்கிறவனுக்குப் பிடிக்கவேண்டும் என்பதுபோல. திரையில் நாயகி ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து மனசுக்குள் பேசுகிறாள், அது ஸ்பீக்கரில் எண்ணூறு பேருக்குக் கேட்கிறது.

இடைவேளை விட்டதும் வளன் எழுந்தான். "முட்ட பப்ஸா, பாப்கார்னா?" எதுவும் வேண்டாம் என்றேன். "சும்மா சொல்லுட்டி, அப்புறம் என்கிட்ட புடுங்கித் திம்ப" என்றபடி கூட்டத்தில் இறங்கினான், நீல சட்டை, எனக்கு நீலம் பிடிக்கும் என்று நான் அவனிடம் எப்போதாவது சொன்னேனா, வேண்டாம், எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்துவிடும். போனை எடுத்தேன். ஒரே ஒரு கோடு சிக்னல். நானும் ரஹிமாவும் சேர்ந்துதான் ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டோம், சேர்ந்தே போய் நேர்காணல் கொடுத்துவிட்டு வந்தோம், அவளுக்கு இந்த வாரத் தொடக்கத்தில் இடம் கிடைத்ததாக மெயில் வந்தது, எனக்கு வரவில்லை. "உனக்கு வராம எனக்கு வந்திருக்குன்னா கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலன்னு அர்த்தம், பொறுட்டி, வரும்" என்றாள், நான் தினமும் இன்பாக்ஸைப் பார்த்தேன், ஸ்பேம் பெட்டியைப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு நேற்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். குப்பைப் பெட்டியைப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள், நான் போடாத குப்பையை நான் ஏன் கிளறுவேன்? இப்போது கிளறினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு வந்தது. இருந்தது. ரஹிமாவுக்கு வந்த அதே நாளில் எனக்கும் வந்திருந்தது. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம், இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடுவதற்குள் சம்மதம் தெரிவிக்கவும். அதற்குக் கீழே, அதே மெயில் இழையில், பதில். என் பெயரில் இருந்து. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் சேர இயலவில்லை, வாய்ப்புக்கு மிக்க நன்றி, தங்கள் உண்மையுள்ள, செண்பகவல்லி. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பணிவாக ஒரு வரி எழுதியதில்லை. ஆங்கிலம்கூட என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. குடும்பச் சூழ்நிலை! எவ்வளவு சரியாகப் பொறுக்கியிருக்கிறான் அந்த வார்த்தையை, ஒரு பெண் அதை எழுதிவிட்டால் இந்த நாட்டில் எந்த அலுவலகமும் இரண்டாவது கேள்வி கேட்காது, ஐயோ பாவம், கல்யாணமாக இருக்கும் என்று அடுத்த பெயருக்குப் போய்விடும். ஒருத்தி செத்துப்போனால்கூட எப்படி என்று கேட்பார்கள்.

அவன் பப்ஸோடு வந்து உட்கார்ந்தான். எண்ணெய்க் காகிதத்தை என் மடியில் வைத்தான். நான் போன் திரையை அவன் பக்கம் திருப்பினேன். அவன் பார்த்தான். பயப்படுவான் என்று நினைத்தேன், பயந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நானே இன்னைக்குப் படம் முடிஞ்சு சொல்லணும்னு இருந்தேன்" என்றான். "எதச் சொல்லணும்னு இருந்த?" "நீ போகவேண்டாம்னு முடிவு பண்ணத." "நான் எப்பப் பண்ணேன்?" "நீயே எழுதியிருந்தியே வல்லி, பேசாம போகாமலே இருந்துட்டா என்னன்னு, மொட்டை மாடியில உக்காந்து எழுதியிருந்த, மழை வர்ற மாதிரி இருக்குன்னுலாம் எழுதியிருந்த." மழை. மேகத்தைக்கூடப் படித்திருக்கிறான். "அதுக்கு அடுத்த நாள் போயே ஆகணும்னும் எழுதியிருந்தேனே, அதப் படிக்கலியா?" "படிச்சேன். அது உன் வீம்பு. மொத எழுதினதுதான் உன் மனசு." "நெனைக்கது வேற வளன், முடிவு வேற." "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், உன்ன எனக்குத் தெரியும். உனக்கு வாயில வராது, நான் எடுத்துச் சொன்னேன், அம்புட்டுதான். எவன்ட்டி இவ்வளவு செய்வான்?" முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வளன் குரலைத் தாழ்த்தி, "பப்ஸ் ஆறுது, தின்னு" என்றான். அவன் கண்ணில் கள்ளம் இல்லை, அதுதான் பயங்கரம், ஒரு துளி கள்ளம் இல்லை, தாய் குழந்தைக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்தான். விளக்கு அணைந்தது.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை, அலுவலகம் இன்னும் மூடியிருக்காது. எழுதலாம், இப்போதே எழுதலாம், எழுதினால் என்ன ஆகும், அவன் சட்டைப் பையில் அவன் போன் இருக்கிறது, அதற்குள் நான் இருக்கிறேன், நான் எழுதி அனுப்பியதற்குக் கீழே மன்னிக்கவும் குழப்பத்தில் எழுதிவிட்டேன் என்று இன்னொரு பணிவான வல்லி எழுதுவாள், அவர்களுக்கு இரண்டு வல்லியில் எவள் அசல் என்று எப்படித் தெரியும், இரண்டும் ஒரே முகவரியில் இருந்துதானே வருகிறது. முதலில் கதவை மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தேன், இருட்டில் என் முகம் மட்டும் வெளிச்சமாகியிருக்கும், பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "யம்மா, அந்த லைட்ட அமத்தும்மா, படம் பாக்கணுமா வேண்டாமா", நான் அமர்த்தவில்லை, கோபப்படட்டும், எண்ணூறு பேரும் கோபப்படட்டும். புதிய பாஸ்வேர்டை உள்ளிடவும். என் விரல் அப்படியே நின்றது. அம்மா பெயர் அவனுக்குத் தெரியும். அப்பா பைக் நம்பர் தெரியும். பள்ளியில் என்னை விட்டுப் போன தோழியின் பெயர், நான் முதலில் வாங்கிய பரிசு, எனக்குப் பிடிக்காத காய், எங்கள் தெருவில் லாரி ஏறிச் செத்த நாய்க்குட்டி, அதற்கு நான் மட்டும் வைத்திருந்த பெயர், எல்லாம் தெரியும், சொன்னது பாதி, சொல்லாமல் எழுதி வைத்தது பாதி, இரண்டு வருஷமாக மடமடவென்று கொட்டியிருக்கிறேன், காதல் என்றால் கொட்டுவது என்று நினைத்துக்கொண்டு. இந்த உடம்புக்குள், இந்த இருபத்திரண்டு வயசுக்குள், அவனுக்குத் தெரியாத ஒரு சொல் இருக்கிறதா? கண்ணை மூடித் தேடினேன். வீடு முழுக்க விளக்குப் போட்டுவிட்டு ஒரு இருட்டு மூலைக்காக அலைவதுபோல அலைந்தேன். எந்த ஞாபகத்தைத் தொட்டாலும் அதன் மேல் அவன் கைரேகை. திரையில் நாயகிக்கு உண்மை தெரிந்துவிட்டது, அவள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள், நாயகன் ஓடுகிறான், மறுபடியும் வயலின், வளன் மூக்கை உறிஞ்சினான், நிஜமாகவே அழுகிறான், என் கையை இருட்டில் தேடிப் பிடித்தான், அவன் உள்ளங்கை வெதுவெதுப்பாக, எனக்குப் பழக்கமானதாக இருந்தது, அந்தப் பழக்கம் ஒரு கணம் என்னை அப்படியே இழுத்தது, விட்டுவிடேன் வல்லி, அவன் சொல்வதுபோல அதுதான் உன் மனசோ என்னவோ. அந்தக் கணத்தில்தான் ஒன்று மேலே வந்தது. பெரிய விஷயம் இல்லை. யாரிடமும் சொல்லத் தோன்றியதே இல்லை, எழுதவும் தோன்றியதில்லை, ரகசியம் என்றுகூட நான் அதை நினைத்ததில்லை. அதை இங்கேயும் சொல்லப்போவதில்லை. கையை உருவிக்கொண்டு எழுத்து எழுத்தாக அடித்தேன், கேட்டபடி மறுபடியும் அடித்தேன், மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். வளன் சட்டைப் பைக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம் எழுந்து, போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தான். ரயில் புறப்படும் சத்தத்தில் ஹாலே எழுந்து கத்திக்கொண்டிருந்தது, அவன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை, கன்னத்தில் ஈரத்தோடு என் பக்கம் குனிந்தான், அவன் குரலில் முதல் தடவையாக என்னைத் தெரியாத ஒருவனின் தயக்கம் இருந்தது.

"வல்லி, என்னட்டி வச்ச?"

நான் பெறுநர் கட்டத்தில் முகவரியை அடித்துக்கொண்டிருந்தேன்.